ஹெட்ஃபோனில் கேட்ட வெளியுறவுக் கொள்கை

சென்ற வாரம் இந்த இடத்தில் நான் இல்லை. உடம்பு சரியில்லையா என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன்... அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளாக இருந்தன. அப்படியே அழித்துவிட்டேன்.

இந்த வாரம் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. கொஞ்சம்தான். தொடர்ந்து படியுங்கள், தெரிந்துவிடும்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். பெரிய கருத்தரங்குகளில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதற்குள் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, அதே வேகத்தில் தமிழில் சொல்ல வேண்டும். யாராவது தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஹெட்ஃபோன் மாட்டியவர்களின் காதில் என் குரல் கேட்கும். ஒரு முக்கியமான விதி உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று தள்ளி நின்று சொல்லக் கூடாது. மந்திரி பேசினால் நான் மந்திரி. கொள்ளைக்காரன் பேசினால் நான் கொள்ளைக்காரி. சில சமயம் இரண்டுக்கும் குரலை மாற்ற வேண்டிய அவசியம்கூட இருப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் இங்கே திருவனந்தபுரத்தில், ஒரு நட்சத்திர ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்கு. ‘சர்வதேசப் பாதுகாப்பு, வெளியுறவுக் கொள்கை, அரசியலமைப்புச் சட்டம் — இன்றைய சவால்கள்’. தலைப்பே ஒரு மூச்சில் சொல்ல முடியாத சவால்! கடலோர, மலையோர மக்களின் பிரதிநிதிகள் என்று சிலரை அழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் புரிய வேண்டாமா? அதற்காகத்தான் மலையாளத்துக்கு ஷீஜா, தமிழுக்கு நான். பக்கத்துப் பக்கத்துக் கூண்டு.

முதல் நாள் முழுக்கப் பெரிய பெரிய வார்த்தைகள். போர் நடக்கிற இடத்துக்கு ‘தியேட்டர்’ என்று பெயர். குண்டு விழுந்து செத்துப்போகிற சாதாரண ஜனங்களுக்கு ‘கூடுதல் சேதம்’ என்று பெயர். ஒரு பேராசிரியர் அரசியலமைப்பின் ஐம்பத்தோராவது பிரிவை உருக்கமாக வாசித்தார். சர்வதேச அமைதியையும் பாதுகாப்பையும் வளர்க்க, நாடுகளுக்கிடையே நேர்மையான, கௌரவமான உறவைக் காக்க அரசு ‘முயல வேண்டும்’ என்கிறது அது. முயல வேண்டும்! என்ன அருமையான சொல். என் வீட்டுக்காரரும் பல வருஷமாகப் பரணைச் சுத்தம் செய்ய முயன்றுகொண்டுதான் இருக்கிறார்.

இரண்டாம் நாள் காலை. மேடையில் ஓய்வுபெற்ற தூதர் ஒருவர். பல நாடுகளில் நம் கொடியைத் தூக்கிப் பிடித்தவர். நல்ல பேச்சாளர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். மொழிபெயர்க்கிறவர்களுக்கு அவர் ஒரு வரப்பிரசாதம். பேசி முடித்ததும் கேள்வி நேரம்.

கடைசி வரிசையில், என் கூண்டுக்கு நேர் முன்னால், ஒரு பெண் எழுந்து நின்றாள். முப்பது வயதிருக்கலாம். சந்தன நிறத்தில் சுடிதார். அவள் பெயர் சுகந்தி என்பதும், வித்துராவில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பதும், போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், அவள் மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்திருந்தாள் என்பதுதான். அவ்வளவுதான்.

“சாரே, எனக்கு இங்கிலீஷ் வராது. மலையாளம் வரும்... ஆனா இத எனக்குத் தமிழ்லதான் சொல்ல முடியும்.”

நெறியாளர் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பல கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். “சமயமில்லா, சமயமில்லா. நெக்ஸ்ட் குவெஸ்ட்யன் ப்ளீஸ்.”

அவள் பேச ஆரம்பித்தாள். வாய் அசைகிறது, என் ஹெட்ஃபோனில் சத்தம் இல்லை.

பக்கத்துக் கூண்டிலிருந்து ஷீஜா கண்ணாடியைத் தட்டி, உதட்டசைவில் சொன்னாள்: “சேச்சி, மைக் ஓஃப் ஆக்கி.”

அணைத்துவிட்டார்கள்!

கூண்டின் கதவைத் திறந்தேன். எழுந்து போய்ச் சண்டை போடவில்லை. கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். அவள் குரல் நேராகக் காதில் விழுந்தது. என் மைக் என் கையில்தான் இருக்கிறது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் பேசப் பேச நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். என் வேலையே அதுதானே?

அவள் சொன்னது இது.

“எனக்கத் தம்பி பேரு பிரபு. இங்க சிட்டியில ஒரு ஹோட்டல் அடுக்களையில நின்னான். வெளிநாட்டுல கேம்ப்ல சமையல் வேலைன்னு ஏஜென்ட் கூட்டிட்டுப் போனாரு. போன உடனே கையில இருந்த போனை வாங்கி வச்சிட்டு, தெரியாத பாஷையில எழுதுன பேப்பர்ல ஒப்பு போட வச்சி, பட்டாள உடுப்பு குடுத்திருக்கு. ஒரு மட்டம் யாரோ ஒருத்தர் போன்ல இருந்து கூப்பிட்டான். ‘அக்கா, அடுக்களை எங்கன்னு கேட்டேன், சிரிக்கானுவ. துப்பாக்கிய கையில தந்திருக்கு’ன்னு சொல்லிட்டு அழுகான். அதுக்குப் பொறவு விவரமே இல்ல. அந்த நாட்டுச் சண்டை எங்களுக்கு என்ன தெரியும் சாரே? யாரு கூட யாருக்குச் சண்டைன்னுகூட அவனுக்குத் தெரியாது. அவன் உயிரோட இருக்கானான்னு நான் யாருகிட்ட கேக்கணும்? அத மட்டும் சொல்லுங்க.”

நாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதனோடு நமக்கு நல்லுறவு. கேட்டுப் பார்த்தால் எல்லா நாட்டோடும் நமக்கு நல்லுறவுதான்.

அரங்கில் முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஹெட்ஃபோன் மாட்டியிருந்த வெளிநாட்டுப் பிரதிநிதிகள். நெறியாளர் காதில் ஹெட்ஃபோன் இல்லை. எதற்காக எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று புரியாமல் அவர் அடுத்த கேள்வியை அழைத்துக்கொண்டிருந்தார். ஆனால் தூதர் காதில் இருந்தது. அவர் கையை உயர்த்தி நெறியாளரை நிறுத்தினார். சரி, மனுஷன் ஏதோ சொல்லப் போகிறார் என்று நம்பினேன்.

சொன்னார்.

நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவளுக்கு. அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் கூண்டுக்குள் என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ‘நான்’ என்றால் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும் — விதி.

சொன்னேன். “சகோதரிக்கு என் அனுதாபங்கள். ஆனால் இந்த இளைஞர்கள் சொந்த விருப்பத்தில் ஒப்பந்தம் போட்டுப் போனவர்கள். ஒரு தனி மனிதனுக்காக இரண்டு நாடுகளின் உறவைப் பணயம் வைக்க முடியாது என்று நான் நினைக்கிறேன். இப்படிப்பட்ட விஷயங்களைப் பொதுமேடையில் பேசாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.”

என் குரலில். என் தமிழில். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

இத்தனை வருஷத் தொழிலில் எத்தனையோ பொய்களைச் சுத்தமாக மொழிபெயர்த்திருக்கிறேன். இது பொய்கூட இல்லை. நயமான, இஸ்திரி போட்ட, பட்டன் எல்லாம் சரியாகப் போட்ட ஒரு கை கழுவல். சோப்பு மட்டும் என் கையில்.

சுகந்தி ஹெட்ஃபோனைக் கழற்றி நாற்காலி மேல் வைத்தாள். வெளியே போய்விட்டாள்.

தேநீர் இடைவேளையில் ஒருங்கிணைப்பாளர் வந்தார். ப்ரோட்டோகால் என்றார். மைக் இல்லாமல் பேசுகிறவர்களை மொழிபெயர்ப்பது ஒப்பந்தத்தில் இல்லை என்றார். இனிமேல் எங்கள் நிகழ்ச்சிகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். பார்த்துக்கொள்ளட்டும். நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு பெண் எங்கள் நடுவே புகுந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கறுப்பு கோட்டை மடித்துக் கையில் போட்டிருந்தாள்.

“அக்கா, நான் ஸ்டெல்லா. அட்வகேட். ஊரு பாறசாலை. அந்தப் பிள்ள எங்க போச்சு? பிடிக்கணும் அக்கா, விடக் கூடாது. அந்த ஆளு என்னத்தப் பேசுகாரு? தனி மனுஷனாம்! நாடுன்னா பின்ன என்ன, கும்பலா?”

இருவருமாக ஓடினோம். ஹோட்டல் வாசலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள் சுகந்தி. அழவில்லை. எங்களைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி ஸ்டெல்லாவிடம் இல்லை, என்னிடம்.

“சேச்சி, அந்த சாரு நெஜமாவே அப்படியா சொன்னாரு? இல்ல, நீங்க சேர்த்துச் சொன்னதா?”

“அப்படித்தான்மா சொன்னார். நான் ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை.”

“ஓ” என்றாள். அந்த ‘ஓ’வை எந்த மொழியிலும் என்னால் மொழிபெயர்க்க முடியாது.

அன்று சாயங்காலம் ஸ்ரீவராகத்தில் எங்கள் ஆத்துக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். காப்பி குடித்துக்கொண்டே ஸ்டெல்லா மனுவுக்கு வேண்டிய விவரங்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கொச்சியில் ஹைகோர்ட்டில் ரிட் மனு. அவன் எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று கண்டுபிடித்துச் சொல்லவும், திரும்பக் கொண்டுவர நடவடிக்கை எடுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டும்.

அவர்கள் போனதும் என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார். “அவா சொல்றதைத் திருப்பிச் சொல்றதுதானே உன் ஜோலி? கோர்ட்டு, கேசுன்னு நீ எதுக்கு அலையணும்? இதெல்லாம் பெரிய எடத்து சமாச்சாரமாக்கும்.”

“உங்க தம்பியா இருந்தா?”

“என் தம்பி எல்ஐசில இருக்கான்.”

பாருங்கள், இதுதான் விஷயம்! நம் வீட்டுப் பிள்ளைகள் எல்ஐசியில், பாங்கில், ஐடி பார்க்கில் இருக்கிறவரை வெளியுறவுக் கொள்கை என்பது டிவியில் நாலு பேர் கத்துகிற சமாச்சாரம். எஸ்டேட் பாதி மூடிக் கிடக்கிற மலையில் பிறந்தவனுக்கு அது தலைக்கு மேலே விழுகிற குண்டு. அன்று இரவுச் சாப்பாட்டில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று புகார் வந்தது. வேண்டுமென்றேதான் போட்டேன்.

கேஸ் வந்தது. நானும் போனேன். சுகந்தி தன் பக்கத்தில் உட்காரச் சொன்னாள், ஆங்கில வாதத்தை அவள் காதில் தமிழில் சொல்ல. இந்த முறை கூண்டும் இல்லை, விதியும் இல்லை. ‘அவர் சொல்றார்’ என்று நிம்மதியாகத் தள்ளி நின்று சொன்னேன்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, வெளியுறவு என்பது அரசின் கொள்கை சார்ந்தது, நீதிமன்றம் அதில் தலையிடுவது மரபில்லை, அந்நிய நாட்டின் இறையாண்மையை மதிக்க வேண்டும், அந்த நபர் விரும்பித்தான் போயிருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். ஸ்டெல்லா மறுத்து, எந்த நபரின் உயிரையும் சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் பறிக்கக் கூடாது என்கிற இருபத்தோராவது பிரிவைச் சொன்னாள். “ஏர்போர்ட்டில் இமிக்ரேஷன் தாண்டியதும் அவன் ‘எந்த நபரும்’ இல்லாமல் போய்விடுகிறானா?” என்று கேட்டாள்.

நீதிபதி முன்னாலிருந்த கோப்பை மூடி வைத்தார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: “கொள்கை என்ன என்று நான் கேட்கவில்லை. அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? யாராவது விசாரித்தீர்களா?”

“அதற்கு அவகாசம் வேண்டும்.”

“விசாரிப்பதற்கா, விசாரித்தீர்களா என்று சொல்வதற்கா?”

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். சுகந்தி என் கையை இறுக்கினாள். “என்ன சேச்சி, எதுக்குச் சிரிக்காங்க?” சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கும் வரவில்லை. ஒருத்தன் உயிரோடு இருக்கிறானா என்று சொல்ல அவகாசம்! இத்தனை மாதம் அவள் எழுதிப் போட்டதெல்லாம் எங்கே போயிற்று? மின்னஞ்சல், ஹெல்ப்லைன், மனு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியது... யாரும் ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. எடுத்த நடவடிக்கைகளை அடுத்த விசாரணைக்குள் தெரிவிக்கச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டார். அவ்வளவுதான் உத்தரவு. புரட்சி ஒன்றும் இல்லை. ‘கேட்டுச் சொல்’ என்றார்.

கேட்டார்கள். கேட்டதும் தெரிந்துவிட்டது!

அதுதான் என் வயிற்றெரிச்சல். தேடிக் கண்டுபிடிக்க ஒரு படையே தேவைப்பட்டது என்றால் புரிந்துகொள்வேன். தூதரகத்திலிருந்து சரியான இடத்துக்குக் கேள்வி போனது. பதில் வந்தது. பிரபு உயிரோடு இருந்தான், ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில். அப்போது இரண்டு நாடுகளின் உறவு உடைந்து சுக்குநூறாகிவிட்டதா? ஒரு டம்ளர்கூட உடையவில்லை.

சில வாரங்களில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். டெல்லி வழியாகத் திருவனந்தபுரம் வந்து இறங்கினான். விமான நிலையத்துக்கு நானும் ஸ்டெல்லாவும் போயிருந்தோம். சுகந்தி ‘பிரபு’ என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை கத்திக் கூப்பிட்டாள். அப்போதும் திரும்பவில்லை. அவள் ஓடிப்போய்த் தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் குந்திவிட்டான். டிராலி தள்ளிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

குண்டுச் சத்தத்தில் இடது காது முழுக்கக் கேட்காமல் போய்விட்டது. வலது காதும் பாதிதான்.

சென்ற வாரத்துக்கு முந்தின ஞாயிறு, அவனைப் பார்க்கத்தான் போனக்காட்டுக்குப் போனேன். வித்துரா வரை பஸ், அங்கிருந்து ஜீப். நல்ல மழை. பிரபு கொஞ்சம் தெளிந்திருந்தான். அடுக்களைக்குள் நின்றுகொண்டு எங்களுக்காகச் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒருவனே அந்த வீட்டில் சத்தமில்லாமல் பேசுகிறவன். அவன் அம்மா, சுகந்தி எல்லோரும் அவன் காதுக்காகக் கத்திக் கத்திப் பேசுகிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவனாகவே சொன்னான்.

“சேச்சி, எங்கூட ஆலப்புழைக்காரன் ஒருத்தன் வந்தான். அனில். அவனும் குக்குதான். மீன்கறி நல்லா வைப்பான். எனக்கு முன்னால நின்னான்... அங்கேயே போயிட்டான். அவனுக்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொல்லல்ல போல. அவனுக்க அம்மை எனக்கு டெய்லி போன் பண்ணுது. ‘மோனே, அனில் எந்தா விளிக்காத்தே’, ஏன் கூப்பிடல்லன்னு கேக்குது. எனக்குக் காது கேக்கல்லன்னு சொல்லி அக்காகிட்ட போனைக் குடுத்துருவேன்.” காலித் தட்டைத் தள்ளி வைத்தான். “கேக்கும் சேச்சி. அந்தக் குரல் மட்டும் நல்லாக் கேக்கும்.”

சுகந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மொழிபெயர்க்கத் தெரிந்தவளுக்குச் சொந்தமாகப் பேசத் தெரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன? சரி, ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். ஆலப்புழை அம்மாவுக்காக அடுத்த மனு தயாராகிறது. மறுபடியும் கொள்கை, மறுபடியும் இறையாண்மை, மறுபடியும் அவகாசம். ஒவ்வொரு தாயும் தனித்தனியாக வரிசையில் நின்று, கோர்ட்டு சொன்ன பிறகுதான் அரசாங்கம் போனை எடுக்கும் என்றால், அதற்கு ‘கொள்கை’ என்று பெயர் வைத்தவர் யார்? இனி எந்தக் கருத்தரங்கில் யார் ‘தேசப் பாதுகாப்பு’ என்று சொன்னாலும், யாருடைய பாதுகாப்பு என்று கேட்காமல் நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. வேலை போகட்டும்.

இதுவரைக்கும் சொன்னதுகூட அச்சில் ஏற்றக்கூடிய கோபம்தான். போன வாரம் எழுத முடியாமல் போனது இதற்கு அப்புறம் பார்த்ததால்.

மழை வலுத்தது. பழைய லயத்து வீடு, கூரை ஓடெல்லாம் பிளந்து கிடக்கிறது. ஆனால் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. எப்படி என்று நிமிர்ந்து பார்த்தேன். ஓட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டிய இரண்டு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர்கள். பிரபு திரும்பி வந்த அன்று எஸ்டேட் வாசலில் இரண்டு கட்சிக்காரர்கள் போட்டி போட்டுக் கட்டியவையாம். ‘எங்கள் தலைவரின் ராஜதந்திர வெற்றி’ என்று ஒன்று. ‘எங்கள் தலைவரின் விடாமுயற்சி’ என்று இன்னொன்று. ஆளுயரத்துக்குத் தலைவர்கள், கை கூப்பிச் சிரித்தபடி. மூலையில் தபால்தலை அளவுக்குப் பிரபு.

“ஒருத்தனும் ஒரு மட்டம்கூட எங்கள விளிச்சுக் கேட்டதில்ல” என்றாள் சுகந்தி. “கட்டிட்டுப் போனாங்க. நான் அறுத்துட்டு வந்துட்டேன். ஒண்ணு நாம இருக்க இந்த முறிக்கு, ஒண்ணு அடுக்களைக்கு. நல்ல கனமுள்ள சாதனம் சேச்சி. ஒரு சொட்டு ஒழுகல்ல, கேட்டோ.”

நம் வெளியுறவுக் கொள்கை ஒரு குடிமகனின் தலைக்கு நேரடியாகப் பாதுகாப்புக் கொடுத்ததை, கடைசியில் என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன்!